ஒரு பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து இன்னொன்றை இயக்குவது: மூன்று இயங்குதளங்களிலும் பிசகாத வழி எது?

இரண்டு ஸ்கிரிப்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரட்டு.பை பல இடங்களிலிருந்து தரவைச் சேர்த்து ஒரு கோப்பில் எழுதுகிறது, அறிக்கை.பை அந்தக் கோப்பைப் படித்து அறிக்கை தயாரிக்கிறது. முதலாவது முடிந்த கையோடு இரண்டாவது தானாகவே ஓட வேண்டும். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் ஓட வேண்டும். ஒரே வரியில் முடிகிற காரியமாகத் தோன்றும் இதற்குப் பைத்தானில் இம்போர்ட், எக்ஸெக், ரன்பை, ஓஎஸ்.சிஸ்டம், சப்பிராசஸ், மல்டிபிராசஸிங் என்று அரை டஜன் வழிகள் இருக்கின்றன. இவற்றில் எதை எடுத்தாலும் எழுதியவரின் கணினியில் முதல் தடவையே வேலை செய்துவிடுகிறது. அதனாலேயே தவறான தேர்வு வெகுநாள் கண்ணில் படாமல் தப்பித்துக்கொள்கிறது. கோப்புகள் இன்னொருவரின் கணினிக்குப் போகும் நாளில்தான் வேறுபாடு தெரியவருகிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இரண்டாம் ஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருக்கும் வேலை மட்டும் நமக்குத் தேவையா, அல்லது அது தனக்கென ஒரு புராசஸில் (இயங்குதளம் தனியாக நடத்தும் ஓர் ஓட்டத்தில்), தனக்கென நினைவகத்தோடும் தனக்கென முடிவோடும் ஓட வேண்டுமா? வேலை மட்டும் போதும், அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமையும் நமக்கு உண்டு என்றால், இம்போர்ட்டே சரியான வழி. தனி ஓட்டம் தேவை, அல்லது அந்தக் கோப்பைத் தொட முடியாது என்றால், சிஸ்.எக்ஸிகியூட்டபிளை, அதாவது இப்போது ஓடும் பைத்தானின் பாதையைக் கொடுத்து, தனிப் புராசஸைத் தொடங்கும் சப்பிராசஸ்.ரன் மூலம் இயக்குவதே சரி. மற்ற வழிகள் எல்லாம் குறுகிய சில சூழல்களுக்கு உரியவை என்பது என் கணிப்பு. காரணங்களைக் கீழே பார்க்கலாம்.

இம்போர்ட்: இயங்குதளமே குறுக்கே வராத வழி

அறிக்கை.பை கோப்பின் வேலை முழுவதையும் மெயின் என்ற ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கோப்பின் கடைசியில், கோப்பு நேரடியாக ஓடுகிறதா என்று சொல்லும் நேம் மாறியின் மதிப்பு மெயினாக இருந்தால் மட்டும் அந்த ஃபங்ஷனை அழைக்கும் வழக்கமான காவல் வரியைச் சேர்த்துவிட்டால், அதே கோப்பைத் தனியாகவும் ஓட்டலாம், திரட்டு.பை கோப்பிலிருந்து இம்போர்ட் செய்து அழைக்கவும் செய்யலாம். இதில் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) இல்லை, கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் சூழல் மாறி இல்லை, மேற்கோள் குறிச் சண்டை இல்லை, வெற்றியா தோல்வியா என்று எண்ணால் சொல்லும் எக்ஸிட் கோட் இல்லை. தரவைக் கோப்பில் எழுதி மறுபடி படிக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஒரு பட்டியலையோ அகராதியையோ நேரடியாக ஆர்கியூமென்ட்டாகக் கொடுத்து, விடையை ரிட்டர்ன் மதிப்பாக வாங்கிக்கொள்ளலாம். பிழை வந்தால், அது எங்கே எழுந்தது என்று காட்டும் முழு ட்ரேஸ்பேக்கும் ஒரே தொடராகக் கிடைக்கும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பிரிவினைகூட இந்த வழியில் இயங்குதள வேறுபாடாக வருவதில்லை. விண்டோஸ் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாவிட்டாலும், இம்போர்ட் செய்யும்போது பைத்தான் இயல்பாக மூன்றிலும் அதைக் கண்டிப்பாகவே பார்க்கிறது.

கட்டளைவரி ஆர்கியூமென்ட்டுகளை வாங்கும் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் கூடுதலாக ஒரு சிறு மாற்றம் தேவை. மெயின் ஃபங்ஷன் ஆர்க்வி என்ற ஒரு பாராமீட்டரை, இயல்பு மதிப்பு நன் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) என்று வைத்து, வாங்கிக்கொண்டு, ஆர்கியூமென்ட்டுகளைப் பிரித்தறியும் ஆர்க்பார்ஸ் மாட்யூலுக்கு அதைக் கொடுக்கட்டும். நன் என்றால் ஆர்க்பார்ஸ் தானே சிஸ்.ஆர்க்வியை, அதாவது கட்டளைவரியில் வந்தவற்றின் பட்டியலைப் படித்துக்கொள்ளும், பட்டியல் வந்தால் அந்தப் பட்டியலைப் படிக்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அறிக்கை.பை, திரட்டு.பை கோப்புக்குக் கொடுக்கப்பட்ட ஆர்கியூமென்ட்டுகளைத் தனக்கு வந்தவையாக எடுத்துக்கொண்டு, புரியாத ஆர்கியூமென்ட் என்று சொல்லி எக்ஸிட் கோட் 2-உடன் மொத்த ஓட்டத்தையும் முடித்துவிடும்.

இம்போர்ட்டின் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒரு மாட்யூல் ஒரு புராசஸில் ஒரு முறைதான் ஓடும். இரண்டாம் முறை இம்போர்ட் செய்தால் சிஸ்.மாட்யூல்ஸில் ஏற்கெனவே இருப்பதே திரும்பக் கிடைக்கும். காவல் வரி இல்லாத பழைய ஸ்கிரிப்டை ஒரு லூப்புக்குள் இம்போர்ட் செய்துவிட்டு, அது முதல் சுற்றில் மட்டும் ஓடுகிறதே என்று குழம்புபவர்கள் பலர். ரீலோடு என்ற வழி உண்டு. ஆனால் ஃபங்ஷனை அழைக்க வேண்டிய இடத்தில் ரீலோடைப் போடுவது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதுதான். பெயரில் இடைக்கோடு உள்ள கோப்பை நேரடியாக இம்போர்ட் செய்ய முடியாது. இம்போர்ட்லிப் மாட்யூலின் இம்போர்ட்_மாட்யூல் போன்ற ஃபங்ஷன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அதைவிடக் கோப்பின் பெயரை மாற்றுவது எளிது.

உண்மையான வரம்பு என்னவென்றால், இரண்டு ஸ்கிரிப்டுகளும் ஒரே வீட்டுக்குள் வாழ்கின்றன. அறிக்கை.பை நடப்புக் கோப்புறையை மாற்றினால் திரட்டு.பை கோப்புக்கும் அது மாறிவிடும். லாகிங் அமைப்பு, சூழல் மாறிகள், லோக்கேல் எல்லாவற்றுக்கும் இதே கதை. சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலகம் உள்ளே நொறுங்கினால் இரண்டும் சேர்ந்தே விழும். அறிக்கை தயாரிக்க எடுத்துக்கொண்ட நினைவகம் முழுமையாகத் திரும்பி வரும் என்பதற்கும் உறுதி இல்லை. இரண்டுக்கும் வெவ்வேறு பைத்தான் பதிப்போ, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நூலகப் பதிப்புகளோ தேவைப்பட்டால் இம்போர்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எக்ஸெக், ரன்பை: ஒரே புராசஸுக்குள் ஒரு நடிப்பு

கோப்பைத் திறந்து, படித்து, எக்ஸெக் ஃபங்ஷனுக்குக் கொடுப்பது பைத்தான் 2-இல் இருந்து 3-இல் நீக்கப்பட்ட எக்ஸெக்ஃபைலின் மிச்சம். இதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. ஒரு நிரலுக்குத் தன் கோப்பின் பாதையைச் சொல்ல வேண்டிய ஃபைல் மாறி, இங்கே அழைத்தவரின் கோப்பையே காட்டும். காவல் வரி, அழைத்தவர் மெயினாக இருந்தால் தானும் மெயின் என்றே நம்பிவிடும். ட்ரேஸ்பேக்கில் கோப்பின் பெயருக்குப் பதிலாக வெறும் ஸ்ட்ரிங் என்றே வரும். எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையான என்கோடிங்கைச் சொல்லாமல் திறந்தால் விண்டோஸில் தமிழ் எழுத்துள்ள ஒரு கமெண்ட்கூடச் சிதைந்து போகலாம், அல்லது கோப்பைப் படிக்கும்போதே பிழை எழலாம்.

அதே வேலையை ஒழுங்காகச் செய்வது ரன்பை மாட்யூலின் ரன்_பாத். நேம் மாறிக்கு மெயின் என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டச் சொன்னால், ஸ்கிரிப்ட் தான் தனியாக ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளும். முடிந்ததும் அதன் குளோபல் மாறிகள் ஓர் அகராதியாகத் திரும்பக் கிடைக்கும். திருத்த முடியாத, காவல் வரி மட்டும் கொண்ட ஒரு ஸ்கிரிப்டை டெஸ்ட்டுக்காக ஓட்டிப் பார்ப்பதற்கு இது நல்ல கருவி. ஆனால் இரண்டு இடங்களில் கால் இடறும். சிஸ்.ஆர்க்வியின் முதல் உறுப்பை மட்டுமே அது மாற்றுகிறது, மற்ற ஆர்கியூமென்ட்டுகள் அழைத்தவருடையவையே. அடுத்ததாக, சாதாரண ஸ்கிரிப்ட் கோப்பைக் கொடுத்தால் அது இருக்கும் கோப்புறை சிஸ்.பாத்தில் சேர்க்கப்படுவதில்லை, எனவே வேறு கோப்புறையில் உள்ள அறிக்கை.பை, தன் பக்கத்துக் கோப்பை இம்போர்ட் செய்ய முயன்றால் மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பிழை வரும். போதாக்குறைக்கு, இது த்ரெட்களோடு (ஒரே புராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளோடு) பாதுகாப்பாக ஓடாது என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. இரண்டாம் ஸ்கிரிப்ட் சிஸ்.எக்ஸிட் அழைத்தால் அந்த சிஸ்டம்எக்ஸிட் நம்மிடம்தான் வந்து சேரும். பிடிக்காவிட்டால் நம் ஓட்டமும் அத்தோடு முடியும்.

ஓஎஸ்.சிஸ்டம்: சுருக்கமாக ஒரு மறுப்பு

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். ஒரே ஸ்ட்ரிங்கில் கட்டளையை எழுதிக் கொடுத்தால் ஷெல் அதை ஓட்டும். எந்த ஷெல் என்பதுதான் கேள்வி. விண்டோஸில் சிஎம்டி, மற்ற இரண்டிலும் எஸ்எச். இரண்டுக்கும் மேற்கோள் குறி விதிகள் வேறு, சிறப்பு எழுத்துகள் வேறு. இடைவெளி உள்ள ஒரு கோப்புறைப் பெயர் போதும், கட்டளை இரண்டாக உடைவதற்கு. திரும்பக் கிடைக்கும் எண்ணும் ஒரே பொருள் தருவதில்லை. இரண்டாம் ஸ்கிரிப்ட் 1 என்ற எக்ஸிட் கோடுடன் முடிந்தால் விண்டோஸில் 1 கிடைக்கிறது. லினக்ஸில் 256 கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே வருவது யூனிக்ஸின் வெயிட் நிலை எண். அதைப் பிரித்தெடுப்பதற்கென்றே பைத்தான் 3.9-இல் வெயிட்ஸ்டேட்டஸ்_டு_எக்ஸிட்கோட் என்ற தனி ஃபங்ஷன் சேர்க்கப்பட்டது. வெளியீட்டைக் கையில் வாங்கவும் வழியில்லை. சப்பிராசஸ் மாட்யூல் 2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்ததே இந்தக் குடும்பத்து ஃபங்ஷன்களுக்கு மாற்றாகத்தான்.

சப்பிராசஸ்: பலமும் அதற்கான நிபந்தனைகளும்

தனிப் புராசஸ் தேவை என்று முடிவான பிறகு, பைத்தான் 3.5-இல் வந்த சப்பிராசஸ்.ரன் போதும், ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதோடு பேச வேண்டிய அரிய சூழலில் மட்டும் பிஓபன் வரை போகலாம். ஆனால் இதை எப்படி அழைக்கிறோம் என்பதில்தான் மூன்று இயங்குதளங்களின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. ரன் ஃபங்ஷனுக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறோம். அதன் முதல் உறுப்பு சிஸ்.எக்ஸிகியூட்டபிள், இரண்டாவது அறிக்கை.பை கோப்பின் முழுப் பாதை, அதன்பின் ஆர்கியூமென்ட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பாக. இந்த மூன்று விஷயங்களில் எதை மாற்றினாலும் ஏதாவது ஒரு இயங்குதளத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் உறுப்பாகப் பைத்தான் என்று வெறும் பெயரை எழுதினால் என்ன ஆகும்? மேக்ஓஎஸ் 12.3 பதிப்போடு 2022-இல் ஆப்பிள் பைத்தான் 2.7-ஐ நீக்கிவிட்டதால் அங்கே அந்தப் பெயரில் கட்டளை இருக்கும் என்று நம்ப முடியாது. உபுண்டு போன்றவற்றில் பைத்தான்3 என்ற பெயர்தான் இயல்பாக இருக்கிறது. விண்டோஸில் பைத்தான் நிறுவப்படாமல் இருந்தாலும் அந்தப் பெயரில் ஒரு போலிக் கோப்பு இருந்து, மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குப் போகச் சொல்லும். இவற்றைவிட மோசமானது, கட்டளை கிடைத்து, ஆனால் தவறான பைத்தான் எழுந்துவருவது. விண்டோஸ் ஒரு புராசஸை உருவாக்கும்போது பாத் சூழல் மாறியைப் பார்ப்பதற்கு முன், அழைக்கும் நிரல் இருக்கும் கோப்புறையைப் பார்க்கிறது. அதனால் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு திட்டத்துக்கெனத் தனியாக வைத்திருக்கும் பைத்தான் சூழலை) இயக்கி வைத்திருந்தாலும், அதற்கு வெளியே உள்ள மூலப் பைத்தான் ஓடி, நிறுவியிருக்கும் நூலகம் இல்லை என்று சொல்ல வாய்ப்புண்டு. சிஸ்.எக்ஸிகியூட்டபிள் இந்தச் சந்தேகங்கள் அனைத்தையும் நீக்குகிறது: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் எதுவோ அதன் முழுப் பாதை அதில் இருக்கிறது. பைத்தானை மறுபடி ஓட்டுவதற்கு ஆவணம் பரிந்துரைப்பதும் இதையே.

பைத்தானையே விட்டுவிட்டு ஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் பட்டியலில் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. லினக்ஸில் முதல் வரியில் ஷீபாங் (எந்த நிரலால் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) இருந்து, இயக்க அனுமதியும் கொடுத்திருந்தால் அது ஓடிவிடும். அனுமதி இல்லாவிட்டால் அனுமதிப் பிழை, ஷீபாங் இல்லாவிட்டால் எண் 8 கொண்ட கோப்பு வடிவப் பிழை. ஷீபாங் இருந்தும், கோப்பு விண்டோஸ் வரி முடிவுகளோடு சேமிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்ட பைத்தான்3-ஐத் தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்ற பிழை வரும். விண்டோஸிலோ ஷீபாங்கை இயங்குதளம் பார்ப்பதே இல்லை. நேராக எண் 193, அதாவது இது செல்லுபடியாகும் வின்32 நிரல் அல்ல என்ற பிழை வரும். பெப் 397-இன் வழியாக (பெப் என்பது பைத்தான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) பைத்தான் 3.3-உடன் வந்த பை என்ற லாஞ்சர் ஷீபாங்கைப் படிக்கும்தான். ஆனால் அது கோப்பை இரட்டைக் கிளிக் செய்யும்போதோ கட்டளைவரியில் தட்டும்போதோ உதவுமே தவிர, சப்பிராசஸ் நேரடியாக ஓட்டும்போது இடையில் வராது.

பட்டியலா, ஸ்ட்ரிங்கா என்பதற்கும் விடை தெளிவானது. பட்டியல் கொடுத்தால் விண்டோஸுக்குத் தேவையான மேற்கோள் குறிகளைப் பைத்தானே போட்டுக்கொள்கிறது. யூனிக்ஸ் வகைகளில் ஆர்கியூமென்ட்டுகள் அப்படியே போய்ச் சேர்கின்றன. ஷெல்=ட்ரூ என்பதைச் சேர்க்கும் பழக்கம் இதைக் கெடுக்கிறது. பட்டியலோடு ஷெல்=ட்ரூ சேர்த்தால் விண்டோஸில் எல்லாம் சரியாக ஓடுவதாகவே தோன்றும். அதே வரியை லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள்: முதல் உறுப்பு மட்டும் கட்டளையாகி, மற்றவை ஷெல்லின் சொந்த ஆர்கியூமென்ட்டுகளாகிவிடும். அதாவது ஸ்கிரிப்டின் பெயர் காணாமல் போய், பைத்தான் மட்டும் தனியாக எழுந்து, திரையில் >>> என்று காட்டிவிட்டு நாம் ஏதாவது தட்டுவோம் என்று காத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் இல்லாததால், ஸ்கிரிப்ட் தொங்கிவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். ஸ்ட்ரிங்கைத் துண்டாக்க ஷெலெக்ஸ்.ஸ்பிளிட் இருக்கிறதே என்றால், அது யூனிக்ஸ் விதிகளின்படி வெட்டுவது. விண்டோஸ் பாதையில் உள்ள பின்சாய்வுக் கோடுகளை அது விழுங்கிவிடும்.

பாதை விஷயத்தில் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். புதிய புராசஸ் அழைத்தவரின் நடப்புக் கோப்புறையையே பெறுகிறது, அது ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாத்லிப் மாட்யூலின் பாத்துக்கு ஃபைல் மாறியைக் கொடுத்து, ரிசால்வ் செய்து, பேரன்ட்டை எடுத்தால் நம் கோப்புறை கிடைக்கும், அதிலிருந்து அறிக்கை.பை கோப்பின் பாதையைக் கட்டலாம். அந்த ஸ்கிரிப்ட் தன் பங்குக்குத் தரவுக் கோப்புகளை வெறும் பெயரால் திறப்பதாக இருந்தால், சிடபிள்யூடி பாராமீட்டருக்கு அதே கோப்புறையைக் கொடுக்கலாம். அது ஒரு பேக்கேஜுக்குள் இருந்து ரிலேட்டிவ் இம்போர்ட் செய்வதாக இருந்தால் கோப்பின் பாதைக்குப் பதிலாக எம் என்ற தேர்வோடு மாட்யூல் பெயரைக் கொடுக்க வேண்டும்.

தமிழ் வெளியீடும் பைப்பும்

நம் மொழியில் அச்சிடும் நிரல் எழுதுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தப் பகுதி என்பதால் சற்று நின்று பார்க்கலாம். அறிக்கை.பை கோப்பில் வணக்கம் என்று பிரிண்ட் செய்யும் ஒரே ஒரு வரி இருக்கிறது. விண்டோஸ் கன்சோலில் அதைத் தனியாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. பெப் 528-இன் வழியாகப் பைத்தான் 3.6 முதல் கன்சோலுக்கு எழுதுவது யூனிகோடாகவே நடக்கிறது. அதே கோப்பைத் திரட்டு.பை கோப்பிலிருந்து, வெளியீட்டைக் கைப்பற்றும் கேப்சர்_அவுட்புட் தேர்வோடு ஓட்டினால், சார்மேப் என்ற சொல்லைத் தாங்கிய யூனிகோடுஎன்கோட்எர்ரர் வந்து இரண்டாம் ஸ்கிரிப்ட் விழுந்துவிடும். நிரலில் எதுவும் மாறவில்லை. மாறியது வெளியீடு போய்ச் சேரும் இடம்: கன்சோலுக்குப் பதிலாகப் பைப், அதாவது ஒரு புராசஸின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய். பைப்புக்கு எழுதும்போது பைத்தான் விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையான கோட்பேஜைப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான கணினிகளில் அது சிபி1252 போன்ற ஒன்று, அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே கிடையாது. லினக்ஸிலும் மேக்ஓஎஸிலும் யுடிஎஃப்-8 இயல்பாக இருப்பதால் அங்கே சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

தீர்வு இரு முனைகளிலும் வேண்டும். எழுதும் முனையில், சிஸ்.எக்ஸிகியூட்டபிளுக்கு அடுத்ததாக எக்ஸ் தேர்வோடு யுடிஎஃப்8 என்பதைச் சேர்க்க வேண்டும், அல்லது பைத்தான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். இரண்டும் பெப் 540-இன் வழியாகப் பைத்தான் 3.7 முதல் உள்ளவை. படிக்கும் முனையில், ரன் ஃபங்ஷனுக்கு என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; வெறும் டெக்ஸ்ட்=ட்ரூ போதாது, ஏனென்றால் அது மறுபடியும் கோட்பேஜையே நம்பும். யுடிஎஃப்-8 முறையைப் பைத்தான் 3.15 முதல் இயல்பாக்கும் பெப் 686 ஏற்கப்பட்டுவிட்டது. எனினும் பழைய பதிப்புகள் வெகுகாலம் புழக்கத்தில் இருக்கும் என்பதால் இரண்டையும் எழுதிவிடுவதே நல்லது. சூழல் மாறி வழியாகப் போகிறவர்கள், என்வி பாராமீட்டருக்கு அந்த ஒரு மாறியை மட்டும் கொண்ட அகராதியைக் கொடுத்துவிடக் கூடாது. அது மற்ற எல்லாச் சூழல் மாறிகளையும் அழித்துவிடும். விண்டோஸில் சிஸ்டம்ரூட் இல்லாமல் போனால் புராசஸ் தொடங்குவதே சிக்கலாகலாம். இருக்கும் ஓஎஸ்.என்விரானை நகலெடுத்து, அதன்மேல் சேர்க்க வேண்டும்.

பைப் இன்னொரு வகையிலும் நடத்தையை மாற்றுகிறது. திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளிவரும் வெளியீடு, பைப்புக்கு எழுதும்போது தொகுதி தொகுதியாகச் சேர்ந்தே வரும். நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்டின் முன்னேற்றத்தை உடனுக்குடன் பார்க்க வேண்டுமானால் யூ என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். பிஓபனைப் பயன்படுத்துகிறவர்கள் பைப்பைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்காமல் வெயிட் மட்டும் அழைத்தால், பைப் நிரம்பியதும் (லினக்ஸில் வழக்கமான அளவு 65,536 பைட்) இரு புராசஸ்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். ரன் ஃபங்ஷன் உள்ளே, பைப்பைப் படித்துக்கொண்டே காத்திருக்கும் கம்யூனிகேட்டைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை அதில் இல்லை. ரன் போதும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவு எண்ணும் நிறுத்துதலும்

செக்=ட்ரூ என்பதைச் சேர்க்காத ரன் அழைப்பு ஏறக்குறைய எப்போதும் குறையுள்ளதே. அறிக்கை.பை பாதியில் விழுந்தாலும் திரட்டு.பை எதுவும் நடக்காததுபோல் மேலே போய்விடும். எண்களின் எல்லை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும்: யூனிக்ஸ் வகைகளில் எக்ஸிட் கோட் 0 முதல் 255 வரைதான். எத்தனை பதிவுகள் தவறின என்ற எண்ணிக்கையையே சிஸ்.எக்ஸிட்டுக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டில், சரியாக 256 பதிவுகள் தவறினால் லினக்ஸில் 0, அதாவது வெற்றி என்று பதிவாகும்; விண்டோஸில் 256 அப்படியே வரும். மைனஸ் 1 கொடுத்தால் லினக்ஸில் 255, விண்டோஸில் 4294967295. எனவே 0, 1, 2 போன்ற சிறு எண்களோடு நிறுத்திக்கொண்டு, விவரங்களை ஜேசனாக வெளியீட்டில் அனுப்புவதே மூன்றுக்கும் பொதுவான வழி. லினக்ஸில் மைனஸ் 9 போன்ற ரிட்டர்ன்கோட் வந்தால் அது சிக்னலால் கொல்லப்பட்ட புராசஸ். விண்டோஸில் அப்படி ஒரு குறிப்புக் கிடைக்காது.

டைம்அவுட் கொடுத்தால் ரன் நேரம் கடந்ததும் புராசஸைக் கொன்றுவிடும். ஆனால் அது கொல்வது நேரடிப் பிள்ளையை மட்டுமே. அந்தப் பிள்ளை தொடங்கிய வேறு புராசஸ்கள் தொடர்ந்து ஓடலாம். டெர்மினேட் என்பது யூனிக்ஸில் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள அவகாசம் தரும் ஒரு வேண்டுகோள். விண்டோஸில் அதுவும் கில்லும் ஒன்றே, அவகாசம் கிடையாது. பாதி எழுதிய கோப்பு மிச்சமாகக் கூடாது என்றால், தற்காலிகப் பெயரில் எழுதி முடிந்தபின் பெயர் மாற்றும் வழக்கத்தை இரண்டாம் ஸ்கிரிப்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

மல்டிபிராசஸிங், எக்ஸெக்வி

வேலை நம்முடைய ஃபங்ஷனாக இருந்து, அது பல சிபியு கோர்களில் பரவ வேண்டும் அல்லது தனி நினைவகத்தில் ஓட வேண்டும் என்றால், இம்போர்ட்டுக்கும் சப்பிராசஸுக்கும் நடுவே மல்டிபிராசஸிங் இருக்கிறது. இங்கே இயங்குதள வேறுபாடு தொடக்க முறையில் வருகிறது. விண்டோஸில், புதிய பைத்தானைத் தொடக்கத்திலிருந்து எழுப்பும் ஸ்பான் மட்டுமே உண்டு. மேக்ஓஎஸ் பைத்தான் 3.8 முதல் ஸ்பானுக்கு மாறியது. லினக்ஸில் நெடுங்காலம் ஃபோர்க்காக (ஓடும் புராசஸை அப்படியே நகலெடுப்பதாக) இருந்த இயல்பு முறை 3.14-இல் ஃபோர்க்சர்வராக (நகலெடுப்பதைத் தனி ஒரு புராசஸிடம் விடுவதாக) மாறியது. ஸ்பான் முறையில் புதிய புராசஸ் மெயின் கோப்பை மறுபடி இம்போர்ட் செய்வதால், காவல் வரி இல்லாத நிரல் பிள்ளைக்குள் பிள்ளையைத் தொடங்க முயன்று ரன்டைம் பிழையில் நிற்கும். பழைய லினக்ஸ் பைத்தானில் மட்டும் ஓட்டியவர், காவல் வரியை அலங்காரம் என்று நினைத்திருக்கக்கூடும். புராசஸ்பூல்எக்ஸிகியூட்டருக்கு விண்டோஸில் 61 வொர்க்கர்கள் என்ற உச்சவரம்பும் உண்டு.

முதல் ஸ்கிரிப்டின் வேலை முடிந்து, அதன் இடத்தில் இரண்டாவது வர வேண்டும் என்பதற்கு ஓஎஸ்.எக்ஸெக்வி பொருத்தமாகத் தோன்றும். யூனிக்ஸில் அப்படித்தான்: புராசஸ் எண்கூட மாறாது. விண்டோஸில் புதிய புராசஸ் தொடங்கப்பட்டு, பழையது உடனே முடிந்துவிடுகிறது. கட்டளைவரி வேலை முடிந்ததாக எண்ணி ப்ராம்ப்டைக் காட்டிவிடும், பின்னால் அறிக்கை.பை அதே திரையில் எழுதிக்கொண்டிருக்கும். மூன்று இயங்குதளங்களுக்குமான நிரலில் இதற்கு இடமில்லை.

பரிந்துரை தலைகீழாகும் இடங்கள்

புதிய பைத்தான் தொடங்குவதற்கு மட்டும் சில பத்து மில்லிவினாடிகள் ஆகும். பாண்டாஸ் போன்ற கனமான நூலகங்களை அது மறுபடி இம்போர்ட் செய்தால் அந்த நேரம் இன்னும் கூடும். நாளைக்கு ஒரு முறை ஓடும் அறிக்கைக்கு இது பொருட்டல்ல. ஒரு லூப்புக்குள் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒவ்வொன்றாக சப்பிராசஸ் அழைப்பதாக இருந்தால், இரண்டாம் ஸ்கிரிப்டைத் திருத்தி ஃபங்ஷனாக்க எடுக்கும் உழைப்பு விரைவிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.

நிரலைப் பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியால் ஒரே எக்ஸிகியூட்டபிளாக்கி விநியோகிப்பவர்களுக்கு சிஸ்.எக்ஸிகியூட்டபிள் பற்றி மேலே சொன்ன நம்பிக்கை பொருந்தாது. அங்கே அந்த மாறி பைத்தானைக் காட்டாமல் நம் நிரலையே காட்டும். அறிக்கை.பை ஓடும் என்று எதிர்பார்த்தால், நம் நிரலின் இன்னொரு பிரதி திறக்கும். அந்தப் பிரதியும் அதே வரிக்கு வந்தால் இன்னொன்று திறக்கும், நிறுத்தும்வரை பெருகிக்கொண்டே போகும். சிஸ் மாட்யூலில் ஃப்ரோஸன் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வழி பிரிக்கலாம். அதைவிட, விநியோகிக்கப்போகும் நிரலில் தொடக்கத்திலிருந்தே இம்போர்ட்டை வைத்துக்கொள்வது எளிது. பைத்தான் 3.13 முதல் அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படும் ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸிலும் இந்தத் தேர்வே எழுவதில்லை. சப்பிராசஸ் மாட்யூலுக்கு அங்கே ஆதரவு இல்லை, உலாவிக்குள் ஓடும் வெப்அசெம்ப்ளி பதிப்புக்கும் அதே நிலைதான். அந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு நிரல் ஒருநாள் போகக்கூடும் என்றால், அறிக்கை.பை கோப்பின் மெயின் ஃபங்ஷனை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.